கொம்பு போன பசு

குரங்கு கொம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், உமாராணிக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில், பஜ்ஜிக்கடைகளெல்லாம் முடிந்து தோப்புகள் தொடங்குகிற இடத்தில், ஓடு சரிந்த பழைய பங்களா ஒன்று கிடக்கிறது. அதன் முற்றத்தில்தான் படப்பிடிப்பு. டைரக்டர் மந்திரமூர்த்தி, காகிதக் கூழில் செய்து கறுப்புச் சாயம் அடித்த இரண்டு மாட்டுக் கொம்புகளைக் காற்றில் காயட்டும் என்று மதில்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். தென்காசியில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது? வெளியூர்க்காரன்கூட முறுக்குப் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நடக்கிற இடம் குற்றாலம். ஒரு கடுவன் குரங்கு வந்தது, ஒரு கொம்பைக் கடித்துப் பார்த்தது, ருசி பிடிக்கவில்லை, பள்ளத்தில் எறிந்தது. இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. மந்திரமூர்த்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவன் எடுத்துக்கொண்டிருந்தது பேய்ப் படம். பேர் ‘சொன்னபடி வந்துட்டேன்’. கதை நமக்கெல்லாம் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்த கதைதான். புலியிடம் மாட்டிக்கொண்ட பசு, கன்றுக்கு ஒரு தடவை பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகும். சொன்னபடி திரும்பி வரும். அதன் சத்தியத்தைப் பார்த்துப் புலி மனம் இளகி விட்டுவிடும். பிள்ளைகள் கைதட்டும். மந்திரமூர்த்திக்கு மட்டும் அந்தப் புலிமேல் நம்பிக்கை கிடையாது.

“பசியில கெடக்க புலி எதுக்குக்கா விடப் போவுது? தின்னுருக்கும். நமக்கு வாத்தியார் பொய் சொல்லிட்டாரு” என்பான்.

ஆகவே அவன் படத்தில் புலி தின்றுவிடும். புலி என்றால் நிஜப் புலி இல்லை, அதற்கெல்லாம் அவனுக்கு வக்கு ஏது? புலி என்கிற பட்டப்பெயருள்ள ரப்பர் எஸ்டேட் முதலாளி. பசு என்பவள் பால் ஊற்றுகிற ஒரு பெண். வாக்குத் தவறாமல் திரும்பி வந்தவளை அவன் கொன்றுபோடுகிறான். அவள் கையில் பிள்ளையோடு, தலையில் கொம்போடு பேயாக வருகிறாள். கேமரா அவன் ஊரார் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்த அதே கேமரா. லைட் ரிசப்ஷனுக்குப் பிடித்த அதே லைட். எல்லாவற்றையும் பகலிலேயே எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் நீலத்தை ஏற்றி ராத்திரி ஆக்கிக்கொள்வதாகத் திட்டம்.

அந்தப் பேய்தான் உமாராணி.

மேலகரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மாடக்கண்ணு போலீஸில் ஏட்டு. நல்ல மனுஷன்தான், கோபம் வருகிறவரைக்கும். உமாராணி அடுப்படியில் நின்றபடி போனில் சின்னச் சின்ன வீடியோ எடுத்துப் போடுவாள், தோசை ஊற்றிக்கொண்டே வசனம் பேசுவாள், அவ்வளவுதான். ஸ்டேஷனில் எவனோ ஒருவன் அதை எடுத்துக் காட்டி, “ஏட்டையா, இது நம்ம வீட்டம்மாதானே” என்று பல்லைக் காட்டிவிட்டான். மாடக்கண்ணு வீட்டுக்கு வந்து போனை அம்மியில் போட்டு உடைத்தான். கன்னத்திலும் ஒன்று வைத்தான். மறுநாள் காலையில் உமாராணி மகள் வேல்விழிக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது, “மாமா வீட்டுக்குப் போயிட்டுச் சாயங்காலம் வந்துருதேன் மக்கா” என்று சொல்லிவிட்டுப் புளியறைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் வந்தும்விட்டாள். வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. மாடக்கண்ணு வாசல்படியில் நின்றுகொண்டு, தெருவே கேட்க ஒரு வார்த்தை சொன்னான்.

“எங்க இசக்கி மேல சத்தியம். எம் பொண்ணு இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டா.”

இசக்கி அவர்கள் குலதெய்வம். குடித்துவிட்டுச் செய்த சத்தியமானால் விடிந்ததும் மறந்து போகும். கோர்ட்டில் செய்கிற சத்தியத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இசக்கி மேல் செய்த சத்தியத்தை அந்தக் குடும்பத்தில் யாரும் மீற மாட்டார்கள், மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயம். அவனே பிறகு மனசுக்குள் வருத்தப்பட்டிருந்தாலும் வாயைவிட்டுப் போனது போனதுதான். அதற்கப்புறம் கேஸ், வாய்தா, வக்கீல் என்று வருஷங்கள் ஓடின. கோர்ட்டு வராந்தாவில் ஒரு தடவை வேல்விழியைத் தூரத்தில் பார்த்தாள். பிள்ளை அரைப்பாவாடையிலிருந்து சுடிதாருக்கு மாறியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டது. வீட்டில் என்ன சொல்லிக் கூட்டிவந்தார்களோ! அன்றைக்குப் புளியறை பஸ்ஸில் உமாராணி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுததைச் செக்போஸ்ட் வரைக்கும் எல்லாரும் பார்த்தார்கள்.

பிள்ளை வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். தூங்கும்போது வேண்டும், சாப்பிடும்போது வேண்டும், தெருவில் யாராவது சடை பின்னிய பெண் போனால் பெற்ற வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது.

பேய் வேஷத்துக்கு அவள் சம்மதித்ததும் இதனால்தான். தென்காசித் தியேட்டரில் படம் வந்தால் கூட்டாளிகளோடு பிள்ளை பார்க்காமலா போகும்? பேயாக இருந்தால் என்ன, அம்மா முகம் அம்மா முகம்தானே. மந்திரமூர்த்தியும், “கடைசியில பேய் சாந்தி ஆவும்லா, அப்ப முகத்தைக் கழுவிட்டு ஒரு பெரிய குளோசப் வைக்கேன்க்கா, கவலப்படாத” என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

சரி, கொம்பு போய்விட்டது. அன்றைக்குச் சனம் வந்து உட்கார்ந்திருக்கிறது, மேலகரத்திலிருந்து பீடி சுற்றுகிற பெண்களை வேனில் கூட்டி வந்தாயிற்று, பிரியாணி சொல்லியாயிற்று. பங்களாக்காரர் மறுநாளோடு கேட்டைப் பூட்டிவிடுவேன் என்கிறார். படத்திலேயே பெரிய கட்டம் அது: பேய் வெளியே வருகிறது, ஊர்ப் பெண்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள்.

“கொம்பு கெடக்கட்டும் கழுத. எக்கா, முடிய விரிச்சு விடு. மஞ்சளை நல்லா அப்பு. நெத்தியில குங்குமத்த அள்ளிப் பூசு. செவப்புச் சேல இருக்குல்லா? பொம்மைய இடுப்புல வச்சுக்கோ. வாயில ரத்தம் ஊத்துனா தீந்துது” என்றான் மந்திரமூர்த்தி.

ரத்தம் என்பது ரோஸ்மில்க் எசன்ஸ். மேக்கப் போட்டது தென்காசியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற சைதூன் பீவி. மஞ்சளை அப்பி, மையைத் தீட்டி, சேலையைக் கட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“ஏ தம்பி, எனக்கு என்னமோ இது பேய் மாதிரி தெரியல. வயக்காட்டுல உங்காளுக கும்பிடுவாகல்லா, அந்த அம்மா மாதிரில்லா இருக்கு.”

“நீங்க ஒண்ணு, சும்மா இருங்கக்கா. கேமராவுல பயமாத்தான் இருக்கும்.”

யார் சொன்னாலும் கேட்கிற நிலையிலா அவன் இருந்தான்! புகை மிஷினுக்கும் வழியில்லாததால் இரண்டு தட்டில் நெருப்புக் கங்கைப் போட்டுச் சாம்பிராணியை அள்ளித் தூவினான். சாரல் காற்றில் புகை சுருண்டு எழும்பியது. “ஆக்‌ஷன்” என்று கத்தினான். கதவைத் தள்ளிக்கொண்டு, முடியை விரித்துப் போட்டு, இடுப்பில் பிள்ளையோடு உமாராணி படியிறங்கி வந்தாள்.

அலற வேண்டிய பெண்கள் அலறவில்லை. முதலில் ஒருத்தி எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். அப்புறம் எல்லாரும் எழுந்து செருப்பைக் கழற்றினார்கள். எவளோ ஒருத்தி குலவை போட்டாள் பாருங்கள், அவ்வளவுதான், தோப்பே அதிரும்படி அத்தனை பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள். விரித்த முடியும் செவ்வாயும் இடுப்பில் பிள்ளையுமாகச் சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து வந்தால், அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைக்கு அது பேயா? அது இசக்கி. இசக்கியைப் பார்த்து எவளாவது ஓடுவாளா?

“கட்! கட்! ஏய், ஓடுங்கன்னா கும்பிடுதீக! அது பேய்ம்மா!” மந்திரமூர்த்திக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“வாயக் கழுவுப்பா. பேயிங்கான் பாரு” என்று ஒருத்தி அவனை அதட்டினாள்.

மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் குலவை. இன்னொரு தடவை, “ஓடுறவங்களுக்குத்தான் பிரியாணி” என்று மிரட்டி எடுத்தபோது நாலு பேர் ஓடினார்கள், ஓடும்போதே கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் முருகம்மாள் என்கிறவள் நேராக வந்து உமாராணி காலில் விழுந்துவிட்டாள்.

“தாயே, சவூதிக்குப் போன எம் மவன் போனே போட மாட்டேங்கான். நல்லாருக்கானா இல்லையா, ஒரு வாக்குச் சொல்லு.”

உமாராணி பதறிக் குனிந்தாள். எழுந்திரும்மா, நான் வேஷம் கட்டினவள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே, மனசு கேட்கவில்லை. “நல்லாருக்கான். போன் வரும். எந்தி” என்றாள்.

போன் வந்துவிட்டது! எந்தச் சவூதிப் பையன்தான் என்றைக்காவது ஒரு நாள் பெற்றவளுக்குப் போன் போட மாட்டான்? அது அன்றைக்குச் சாயங்காலமே வர வேண்டுமா? முருகம்மாள் மேலகரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். வேஷம் கட்டினவள் யாரென்று கேட்டதற்கு மட்டும், “யாரு கட்டுனா என்ன, வந்து எறங்குனது அவ” என்று சொல்லிவிட்டாளாம்.

உமாராணி புளியறைக்குப் போனதும் தலையோடு தண்ணீரை ஊற்றிக் குளித்து, மேலகரத்து இசக்கி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுத் தோப்புக்கரணம் போட்டாள். “தெரியாமச் சொல்லிட்டேன் தாயே. எம் பிள்ள மேல கோவத்தக் காட்டிராத” என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அவளுக்கும் அந்தச் சாமிதானே குலசாமி, புருஷன் துரத்தினால் சாமியுமா துரத்திவிடும்?

மறுநாள் வேனுக்குக் காத்திருக்காமல் சனம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டது. தேங்காய், பழம், எலுமிச்சை மாலை. இரண்டு பெண்கள் பிள்ளைவரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மந்திரமூர்த்தி முதலில் அழுதான். நிஜமாகவே அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அவன் கண்ணில் ஒரு கள்ளத்தனம் வந்தது.

“எக்கா, இப்படியே எடுத்துருவோம். பேயின்னு தெரியாம ஊரே கும்பிடுது, பேய் குறி சொல்லுதுன்னு கதைய மாத்திருதேன். நீ நாலு பேருக்கு வாக்குச் சொல்லு, போதும்.”

“வெளையாடாத தம்பி. நான் பிள்ளக்காரி. அவ பேரச் சொல்லிப் பொய் சொன்னா எம் பிள்ளயத்தான் கேப்பா.”

“அப்ப வாயத் திறக்க வேண்டாம். சும்மா நில்லு. இன்னைக்கு விட்டா படமே இல்லக்கா. குளோசப்பும் இல்ல, தியேட்டரும் இல்ல. யோசிச்சுக்கோ.”

யோசிக்க அவளுக்கு என்ன இருந்தது? மஞ்சளை அப்பிக்கொண்டு, பொம்மையை இடுக்கிக்கொண்டு, படியில் நின்றாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மகளுக்கு வரன், புருஷனுக்குக் குடி, மாட்டுக்குச் சினை. உமாராணி வாயைத் திறக்காமல் திருநீற்றை மட்டும் அள்ளிக் கொடுத்தாள். அதற்கே சந்தோஷமாகப் போனார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வரிசையில் வடிவம்மாளைப் பார்த்தாள். மாடக்கண்ணுவின் தாயார். அவளுடைய மாமியார்.

மூக்குத்தி அதே மூக்குத்தி. முடி மட்டும் நன்றாக வெளுத்துவிட்டது. கோர்ட்டு வாசலில் மகன் பின்னால் நிற்கிறபோது ஒரு தடவைகூட உமாராணி பக்கம் திரும்பாத முகம், இப்போது கண்ணை மூடி, கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வருகிறது. தெரியவில்லையா இவளுக்கு? மஞ்சளும் மையும் ரோஸ்மில்க்கும் அப்பிய இந்த மூஞ்சியை யாருக்குத் தெரியும்! உமாராணிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அதே சமயம் காலைப் பிடித்து, பிள்ளை என்ன செய்கிறது, சாப்பிடுகிறதா, வயசுக்கு வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

வடிவம்மாள் முன்னால் வந்து நின்றாள். மற்றவர்களைப் போல முணுமுணுக்கவில்லை. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்.

“தாயே, எம் பேத்தி வேல்விழிக்காக வந்துருக்கேன். தூக்கத்துல எந்திச்சு உக்காந்துக்கிட்டு அம்மா அம்மாங்கா. சோறு எறங்க மாட்டேங்கு, எலும்பும் தோலுமா ஆயிட்டா. எம் மவன் புத்தியத்துப்போயி உம் மேல சத்தியம் பண்ணிட்டான். மனுசங்க சொல்லி அது தீராது. நீ சொல்லு. பிள்ளய அது அம்மைகிட்ட விடட்டா, வேண்டாமா?”

மேலகரத்துப் பெண்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். ஒருத்தி உச்சுக் கொட்டினாள். மந்திரமூர்த்தி கேமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தான்.

உமாராணி பொம்மையை இறுக்கிக்கொண்டாள். எலும்பும் தோலுமாகவா? அம்மா அம்மா என்கிறாளா? கோர்ட்டில் தலையைக் குனிந்துகொண்ட பிள்ளை தூக்கத்தில் அம்மா என்கிறதா? நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷமும் ஒரு வேதனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. கேட்டதற்கு ஒரே வார்த்தை போதும். “விடு.” அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம், எத்தனை வாய்தா, எத்தனை வக்கீல் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்திருக்கிறாள்! இப்போது அது அவள் நாக்கிலேயே இருக்கிறது. சொல்லிவிட்டால் பிள்ளை வந்துவிடும். சொல்லு, சொல்லு, சொல்லித் தொலை.

“பிள்ளய...” என்று ஆரம்பித்தாள்.

குலவை போடத் தயாராகப் பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். வடிவம்மாள் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள்.

உமாராணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இசக்கி பேரைச் சொல்லி ஏமாற்றிப் பிள்ளையை வாங்கினால், நாளைக்கு இசக்கி வந்து அதே பிள்ளையைக் கேட்டால்? ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கிறதாம். ராத்திரி எழுந்து உட்கார்கிறதாம். நேற்று சொன்ன பொய்க்கே அவள் கோபித்துக்கொண்டிருந்தால்? பிள்ளை தன்னிடம் வந்து, காய்ச்சலில் விழுந்து, மடியிலேயே... ஐயோ வேண்டாம். தன்னிடம் இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்கட்டும். எங்கேயாவது இருக்கட்டும். பொய்யில் வந்த பிள்ளை தங்காது என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

பொம்மையைக் கீழே போட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“அத்தை, நான் சாமி இல்ல. உமாராணி. சத்தியமா நான் சாமி இல்ல. வேசம் கட்டிருக்கேன்.” சொல்லிவிட்டுக் காலில் விழுந்துவிட்டாள். “நான் வாக்குச் சொல்லக் கூடாது அத்தை, பிள்ளைக்கு ஆகாது. உங்க மருமவளா கேக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிள்ளய எங்கண்ணுல காட்டுங்க.”

கூட்டத்தில் ஒரு இரைச்சல் கிளம்பியது. “அட, நம்ம ஏட்டு பொண்டாட்டில்லா!” என்றாள் ஒருத்தி. “மாமியாக்காரிய ஏமாத்திப் பிள்ளயத் தட்டப் பாத்துருக்கா, என்ன நெஞ்சழுத்தம் பாரேன்” என்றாள் இன்னொருத்தி. முருகம்மாள், “அப்ப எம் மவன் போன் போட்டது?” என்று திருதிருவென்று விழித்தாள். யாரோ சிரித்தார்கள். தொட்டில் கட்டிய பெண் போய் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

வடிவம்மாள் குனிந்தாள். எல்லாரும் அவள் மருமகளை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். உமாராணியின் தோளைப் பிடித்துத் தூக்குகிற சாக்கில், காதோடு வாயை வைத்துப் பேசினாள். வார்த்தை பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது.

“கூறுகெட்டவளே, உன்னத் தெரியாமலாட்டி நான் வந்தேன்? பத்து வருசம் எங்கூட அடுப்படியில நின்னவ. உன் நிப்பு எனக்குத் தெரியாதா?”

உமாராணி நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து முருகம்மா வந்து சொல்லவும், இன்னைக்கு மொத ஆட்டோ பிடிச்சு வந்து தூர நின்னு உன்னப் பாத்தவ நாந்தான். எம் மவன் கோர்ட்டுக்கு அடங்குவானா, எனக்கு அடங்குவானா? இசக்கி சொன்னா அடங்குவான். அவனும் உள்ளுக்குள்ள அதுக்குத்தாம்ட்டி காத்துக் கெடக்கான். ஊர் கேக்க நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா, சாமி சத்தியத்த எடுத்துட்டான்னு நான் இன்னைக்கே பிள்ள கையப் பிடிச்சுக் கூட்டியாந்துருப்பேன்.” கிழவிக்குக் குரல் உடைந்தது. “ஒத்த வார்த்த. அதச் சொல்ல ஒனக்கு நாக்கு வரலையே பாவி. இனி நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்? நீ வேசம் கட்டி ஏமாத்தப் பாத்தன்னு நான் வீடு போய்ச் சேருமுன்ன அவன் காதுக்குப் போயிரும். கதவுக்கு இன்னொரு பூட்டுல்லா போடுவான்.”

“அத்தை, நான் சாமிக்குப் பயந்து...”

“சாமி என்னட்டி சொல்லிரப் போறா? பெத்தவகிட்ட பிள்ளய விடுன்னா அவ கோவப்படுவாளா? அவளே பிள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கா.”

வடிவம்மாள் கையை விட்டுவிட்டாள். கூட்டத்துக்காக ஒரு தடவை தலையில் அடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, சாலைப் பக்கம் நடந்தாள். அங்கே ஒரு ஷேர் ஆட்டோ ஆள் சேர்த்துக்கொண்டு நின்றது.

உமாராணி படியிலேயே நின்றாள். அப்புறம் அவளுக்குள் என்ன அறுந்ததோ தெரியாது. ஆட்டோவில் வடிவம்மாள் ஒரு காலை எடுத்து வைத்ததைப் பார்த்தாள். முடியைப் பிடித்து மறுபடி விரித்துவிட்டாள். துடைத்த மஞ்சளும் மையும் கண்ணீரும் முகமெல்லாம் வழிய, படியிலிருந்து குதித்து, சாம்பிராணித் தட்டில் கிடந்த நெருப்புக் கங்கை வெறுங்கையால் அள்ளிக்கொண்டு கத்தினாள். அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

“பிள்ளய விடு! பெத்தவகிட்ட விடு! இசக்கி சொல்லுதேன், நான் இசக்கி சொல்லுதேன், சத்தியத்த எடுத்துட்டேன், விடு! ஏ வடிவு, கேக்கியா, விடு!”

கை பொசுங்கியது. அவள் கங்கை விடவில்லை. சைதூன் பீவி, “யா அல்லா” என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மந்திரமூர்த்தி கட் சொல்ல மறந்து நின்றான். ஆட்டோ புகையைக் கக்கிக்கொண்டு மேலகரத்துப் பக்கம் திரும்பியது. உமாராணி கத்திக்கொண்டே இருந்தாள், விடு, விடு, விடு என்று.

கூட்டத்தில் ஒருத்தியும் ஓடவில்லை. ஒருத்தியும் கும்பிடவும் இல்லை. கழற்றிப் போட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே முருகம்மாள், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

“பரவால்லட்டி. இப்பதான் நல்லா நடிக்கா.”